மழை சொல்ல வந்தவன்

தலைக்கு மேலே ஏதோ படபடத்தது. காக்கையாக இருக்கும் என்று அன்னக்கிளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த நொடி, அவள் நின்ற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி, விளைந்து வெளுத்துக் கிடந்த உப்புப் பாத்தியில் 'சளப்' என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது!

உப்பு வாரும் பலகை அவள் கையிலிருந்து நழுவியது. 

"அய்யா! என்னத்தட்டி அது? குண்டா?" பக்கத்துப் பாத்தியிலிருந்து இசக்கியக்கா அலறினாள்.

"சண்டை முடிஞ்சு பத்து வருசம் ஆச்சுலா அக்கா... இப்ப எவன் குண்டு போடுவான்?" என்றாள் அன்னக்கிளி. 

மெல்ல எட்டிப் பார்த்தாள். வெள்ளை அட்டைப்பெட்டி. அதன் தலையில் கிழிந்துபோன சிவப்புக் காகிதக் குடை. நூலில் தொங்கும் ரப்பர் கந்தல். பெட்டியின் ஒரு மூலை உடைந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து, பத்து நாள் வெயிலில் அவள் விளைவித்த உப்பின்மேல் படர்ந்துகொண்டிருந்தது.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஆவணி மாதம். தாமரைகுளத்துக்குத் தெற்கே, பழையாறு கடலைத் தேடிப் போகும் வழியில், பொன்னுலிங்கத்தின் உப்பளம். அளத்தைச் சுற்றிப் பதினாலு ஓலைக் குடிசைகள். அந்த ஆட்களுக்கெல்லாம் பொன்னுலிங்கம்தான் அண்ணாச்சி. அவருடைய ஒரே மகள் அன்னக்கிளிக்கு இருபத்திரண்டு வயது. அளத்தில் அவள் குரலுக்கு அப்பாவின் குரலைவிட மதிப்பு அதிகம்.

ஒரு மணி நேரம் கழித்து வரப்பின்மேல் ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் பாதையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். வாய்க்காலில் விழப்போய், ஒற்றைக் காலை ஊன்றிச் சமாளித்தான்.

"ஏங்க... இங்ஙன ஒரு பெட்டி விழுந்துதா?"

"விழுந்துது. எந் தலையில விழல. அதுக்குத்தான் சாமியக் கும்பிட்டுக்கிட்டு நிக்கேன்."

"பத்திரமா இருக்கா?"

"யாரக் கேக்கிய? என்னையா... பெட்டியையா?"

அவன் முகம் காது வரைக்கும் சிவந்தது. "உங்களத்தான்... பெட்டியும்..." என்று குழறினான்.

அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். எப்போதும் வெளிச்சத்தைப் பார்த்துச் சுருங்கிப் பழகிய கண்கள். ஓரங்களில் மெல்லிய கோடுகள். சிரிக்காதபோதும் சிரிப்பது போல... சட்டென்று பார்வையைப் பாத்தியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெயர் கிருஷ்ணமணியாம். சொந்த ஊர் குழித்துறை. நாகர்கோவிலில் ஒரு மொட்டைமாடியில் புதிதாகப் போட்டிருந்த வானிலை ஆபீசில் வேலை. வாயு அடைத்த பலூனில் இந்தப் பெட்டியைக் கட்டி மேலே விடுவார்களாம். மேலே உள்ள சூட்டையும் ஈரத்தையும் அது கம்பியில்லாத் தந்தியில் சொல்லுமாம். அதற்கான பேட்டரித் திராவகம்தான் உப்பில் கசிந்ததாம். ஐந்தாறு மைல் உயரம் போனதும் பலூன் வெடித்துவிடுமாம். பிறகு...

"பிறகு எந் தலையில விழும்" என்று அன்னக்கிளி முடித்து வைத்தாள்.

"திருப்பித் தர்றவங்களுக்குச் சன்மானம் உண்டு. பெட்டியிலயே எழுதியிருக்கு."

"சன்மானம் கெடக்கட்டும். மேல விடுததுக்கு ஆபீசு வச்சிருக்கிய. கீழ விழும்போ யாரு தலையில விழும்னு பாக்கதுக்கு ஒரு ஆளு கெடையாதா?"

"உண்டே..." அவன் தலையைச் சொறிந்தான். "அது நான்தான்."

இசக்கியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்னக்கிளி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"அப்ப இந்தப் பாத்தியக் கழுவிக் குடுத்துட்டுப் போங்க."

கழுவினான்! வேட்டியை மடித்துக் கட்டி, கறுத்த உப்பைக் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டினான். குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்திருக்க வேண்டும். உப்புநீர் பட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.  அவள் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதது போல நின்றாள். அவளுக்கே அது என்னவோ போல் இருந்தது.

வேலை முடிந்ததும் அவன் நெற்றியைத் துடைத்தபடி கேட்டான்: "கொஞ்சம் வெள்ளம் தருவியளா?"

அவள் சட்டென்று பழையாற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

குழித்துறைப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். அவளுக்கும் அது தெரியும். ஆனால் இந்த அளத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி மாதம், பழையாறு கரை உடைத்துக்கொண்டு அளத்துக்குள் புகுந்தது. உப்புக் குவியலை ஓலை போட்டு மூடப்போன அவள் அம்மா பகவதியம்மாள் திரும்பி வரவேயில்லை. மூன்றாம் நாள், ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில்தான் கிடைத்தாள். மழை வருகிறது என்று யாருமே சொல்லவில்லை. யாருக்குமே தெரியவில்லை.

அன்றிலிருந்து கிழக்கே ஒரு கறுப்புத் தெரிந்தால் போதும், பொன்னுலிங்கத்துக்குச் சோறு இறங்காது. அன்னக்கிளிக்கும் அப்படித்தான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்.

"மழை வருமா வராதான்னு ஒங்களால முன்னாலயே சொல்ல முடியுமா?"

"அதுக்குத்தானே ஆபீசு!" என்றான் கிருஷ்ணமணி, சற்றே நெஞ்சை நிமிர்த்தி.

அந்த நிமிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் சைக்கிள் வந்தது. பெட்டி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்வான். ஒரு பெட்டியும் விழவில்லை.

"வாரம் ஒரு பெட்டியா தம்பி? இந்தப் பெட்டி தெக்க மட்டும்தான் விழுமோ? நாகர்கோவில்ல, கோட்டாத்துக் கடைத்தெருவுல விழாதோ?" என்று இசக்கியக்கா கேட்பாள்.

"காத்து இந்தப் பக்கமாத்தான் அடிக்கு அக்கா..."

"அடிக்கும் அடிக்கும்!"

வந்தால் வரும் வாரத்துக்கு மழை உண்டா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போவான். மூன்று வாரம் அவன் சொன்னபடியே நடந்தது. பொன்னுலிங்கமே "நம்ம மழைக்காரத் தம்பி வந்தாச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை அவன் மடித்து வைத்த செய்தித்தாள் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். கண்கள் மின்னின.

"அமெரிக்காக்காரன் செயற்கையா ஒரு சந்திரன் செஞ்சு விடப்போறானாம். ரெண்டு மூணு வருசத்துல. ரஷ்யாக்காரனும் விடப்போறானாம். பூமியச் சுத்திக்கிட்டே இருக்குமாம்."

"எதுக்கு? இருக்கது ஒண்ணு போதாதா?"

"கேளுங்க... போன வருசம் ஒரு ராக்கெட் நூறு மைலுக்கு மேல போய்ப் படம் எடுத்துதாம். அந்தப் படத்துல புயல் ஒண்ணு சுருண்டு கெடந்துதாம், பாம்பு கணக்கா. அப்படி ஒண்ணு அங்க இருக்குன்னு கீழ இருந்த ஒருத்தனுக்கும் தெரியாது! அப்ப பாத்துக்கிடுங்க... அந்தச் சந்திரன்ல ஒரு கண்ண வச்சுட்டா... கடல்ல எந்த மூலையில புயல் பிறந்தாலும் தெரிஞ்சிரும். ஒரு உசிரு போகாது."

அவள் கையில் இருந்த பலகை அசையாமல் நின்றது. ஒரு உசிரு... அம்மாவின் முகம் வந்து போனது.

"அந்தச் சந்திரன் கெட்டுப்போனா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"ஒங்க பெட்டி மாதிரி அதுவும் கீழ விழுமா?"

"வாற வழியில காத்து ஒரசி எரிஞ்சு போயிரும். அனேகமா."

"எரியாத மிச்சம்?"

கிருஷ்ணமணி செய்தித்தாளை மறுபடி விரித்துத் தேடினான். பிறகு மெல்லச் சொன்னான், "அத யாரும் இதுவரைக்கும் எழுதல. நீங்கதான் முதல்ல கேக்கிய."

"அவ்வளவு பேரு சேந்து விடுதாங்க... ஒருத்தருக்கும் அந்தப் பயம் இல்லியா?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தைப் பார்க்கிற அதே பார்வை... அவளுக்குக் கழுத்து வேர்த்தது. "என்ன பாக்கிய? எம் மொகத்துலயா மழை எழுதியிருக்கு?" என்று வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள்.

புரட்டாசிக் கடைசி. அந்த வருடத்தின் கடைசி உப்பு. வாரி வரப்பில் குவித்து, நீர் வடிய நாலு நாள் திறந்து போட வேண்டும். கிழக்கே மெல்லிய சாம்பல் நிறம். பொன்னுலிங்கத்துக்கு மனசில்லை. ஓலை போட்டு மூடிவிடலாம் என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நாலு நாளைக்கு ஒரு சொட்டு விழாது. நான் பொறுப்பு!" என்றான் கிருஷ்ணமணி. சொல்லும்போது அவன் பார்த்தது அன்னக்கிளியை.

அவளும் தலையசைத்தாள். அப்பா அவர்கள் பேச்சைக் கேட்டுக் குவியலைத் திறந்தே விட்டார்.

மறுநாள் பிற்பகல் மழை வந்தது. முதலில் ஒரு துளி... அவள் புறங்கையில். பிறகு வானமே அறுந்து விழுந்தது போல. ஓலைக்கட்டை அவிழ்ப்பதற்குள் பாதி உப்பு கரைந்து வாய்க்காலில் பாலாக ஓடியது. பதினாலு வீட்டு ஆட்களும் மழையில் நின்று அதைப் பார்த்தார்கள். 

அடுத்த நாள் சைக்கிள் வந்தது. கிருஷ்ணமணி தூங்காத கண்களோடு நின்றான்.

"தம்பி," என்றார் பொன்னுலிங்கம், குரலை உயர்த்தாமல். "நீ மேல பாத்துக்கிட்டு இரி. நாங்க கீழ பாத்துக்கிடுதோம். இனிமே இந்த வரப்புல ஒன் சைக்கிள் ஏறப்பிடாது."

அவன் அன்னக்கிளியைப் பார்த்தான். 'போனால் போகட்டும் அப்பா, தெரிந்தா செய்தார்?' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு சொன்னது.

"பொறுப்புன்னு சொன்னியளே... எங்க அந்தப் பொறுப்பு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஐப்பசி முழுதும் அவன் வரவில்லை. 'வராட்டா எனக்கென்ன!' என்று அவள் நாளுக்கு நூறு முறை சொல்லிக்கொண்டாள். நூறு முறை சொல்ல வேண்டியிருந்ததே... அதுதான் உறுத்தியது. சில காலைகளில் வடக்கே வெள்ளைப் புள்ளி ஒன்று மேலே ஏறும். பலூன்! அது வெடித்து மறையும் வரை கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் புள்ளியை அவனும் இப்போது பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். பிறகு தன்மேலேயே கோபம் வரும்.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையிலிருந்தே காற்று சரியில்லை. ஒரு பக்கமும் நிலைக்காமல் திக்கித் திக்கி அடித்தது. வானம் செம்புப் பாத்திரம் போல மங்கலான சிவப்பில் இருந்தது. மத்தியானம் ரோட்டில் சைக்கிள் மணி கேட்டது.

அன்னக்கிளி வரப்பின் ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

பொன்னுலிங்கம் மடையடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். "வரப்புல ஏறாதேன்னு சொன்னேன்லா?"

"ஏறல அண்ணாச்சி. ரோட்டுலயே நிக்கேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கடல்ல தென்கிழக்கே ஒரு சுழி இருக்கு. நேத்து காலையில கப்பல் ஒண்ணு தந்தி அடிச்சுது. அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் கப்பலே இல்ல. அங்க என்ன நடக்குன்னு பாக்க ஒரு கண்ணு இல்ல. எங்க ஆபீசுல காத்தழுத்தம் காலையில இருந்து எறங்கிக்கிட்டே இருக்கு. மேலிடத்து உத்தரவு வாற வரைக்கும் யாரும் வெளிய சொல்லப்பிடாதுன்னு பெரியவரு சொல்லிட்டாரு. அவருட்ட பறையாம எறங்கி வந்துட்டேன்."

"வேலை போயிருமே!" தன்னை மறந்து அன்னக்கிளி கத்திவிட்டாள்.

"போனாப் போட்டு."

பொன்னுலிங்கம் அவனையே உற்றுப் பார்த்தார். "இங்ஙன வருமா? அதச் சொல்லு."

"தெரியாது அண்ணாச்சி."

"பிறகு என்ன மயித்துக்கு வந்த?"

கிருஷ்ணமணி அன்னக்கிளியின் பக்கம் திரும்பினான். அந்தச் சிரிக்கும் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

"அன்னைக்குத் தெரியும்னு நெனச்சேன். பொறுப்புன்னு பெருமை அடிச்சேன். இன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. இலங்கைப் பக்கம் திரும்பிப் போகலாம். நேரா இங்ஙனயும் வரலாம். உங்க எல்லாரையும் இங்ஙன விட்டுட்டு அந்த மாடியில உக்காந்திருக்க முடியல. பயமாருக்கு... அதான் வந்தேன்."

பெருமையோடு சொன்ன அன்று அவளுக்குள் எங்கோ ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. இன்று, தெரியாது என்று அவன் சொன்னபோது, அவள் முழுதாக நம்பினாள்.

"அப்பா, எல்லாரையும் பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"நீங்க போங்க. மிச்ச உப்புக் குவியல்ல ஓலை காத்துல பறந்து கெடக்கு. நான் மூடிட்டு வாறேன்." பொன்னுலிங்கம் ஓலைக்கட்டைத் தூக்கினார்.

"அப்பா..." அவள் குரல் உடைந்தது. "அம்மையும் இதத்தான் சொல்லிட்டுப் போனா."

காற்று ஒரு கணம் நின்றது போல இருந்தது. பொன்னுலிங்கத்தின் கையிலிருந்து ஓலை ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தது. அவர் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு குடிசைகளை நோக்கி நடந்தார். "ஏலே ஐயப்பா! ஆடு, சட்டி, பிள்ளைய... எல்லாத்தையும் எடு! கெளம்பு!"

இருட்டுவதற்குள் பதினாலு குடும்பமும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏறிவிட்டது. கிருஷ்ணமணி நாலு முறை போய் வந்தான். கடைசி முறை தோளில் இசக்கியக்காவின் ஆட்டுக்குட்டி இருந்தது. அன்றிரவு மழை பெய்தது, காற்று ஊளையிட்டது. ஒருவரும் கண்ணை மூடவில்லை. எல்லோருடைய காதும் மணக்குடிப் பக்கமே இருந்தது, ஆறு உடைக்கும் அந்தச் சத்தத்துக்காக.

சத்தம் வரவில்லை.

விடிந்தபோது மேற்கே வானவில் இருந்தது. மெல்லிய தூறல். இளவெயில். குடிசைகள் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. வாய்க்காலில் ஒரு முழம் தண்ணீர் ஏறியிருந்தது. மூடாமல் விட்ட உப்புக் குவியல் மட்டும் பாதியாகக் கரைந்திருந்தது.

"பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு இதுக்குத்தானா ஓடி வந்தோம்?" என்று ஐயப்பன் முணுமுணுத்தான். "ரெண்டாந்தடவை மக்கா!" என்று யாரோ சிரித்தார்கள்.

கிருஷ்ணமணி யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்தான். புயல் இலங்கைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நல்லதுதான்... ஆனால் அவன் கழுத்து நிமிரவில்லை.

பொன்னுலிங்கம் போய் சைக்கிளின் முன்னால் நின்றார்.

"தம்பி. எட்டு வருசத்துக்கு முன்னால ஒருத்தன் வந்து இந்த மாதிரி ஒரு பொய்யச் சொல்லியிருந்தாம்னா, எம் பொண்டாட்டி இன்னைக்கு உசிரோட இருப்பா." அவர் குரல் கரகரத்தது. "நீ பத்துத் தடவை வா. பத்துத் தடவையும் பொய்யாப் போவட்டும். வந்து சொல்லு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அவனும் அவளும் மட்டும் நின்றார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப... நான் வாறேன்" என்றான்.

"நில்லுங்க." அவள் மரப்பட்டையை நகத்தால் சுரண்டினாள். "நேத்து ராத்திரி முழுக்க எனக்கு எதுக்குப் பயம்னு தெரியுமா?"

"ஆறு உடைச்சிரும்னு..."

"அதுக்கும்தான். ஆனா விடியக்காலம்... மழை குறையத் தொடங்கிச்சுலா? அப்பத்தான் ரொம்பப் பயந்தேன். புயல் வரலேன்னா இவரு வெக்கப்பட்டுப் போயிருவாரே... போனா திரும்ப வரமாட்டாரேன்னு..." அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. "எங்க அம்மைய எடுத்தது ஆறு. அப்படிப்பட்ட நானே... ஒரு நிமிசம்... புயல் வந்தா வரட்டுமேன்னு நெனச்சிட்டேன். நீங்க சொன்னது பலிக்கட்டும்னு. இத நான் யாருட்ட போய்ச் சொல்லுவேன்? ஒங்ககிட்டத்தான் சொல்ல முடியுது."

 சைக்கிள் கைப்பிடியைப் பிடித்திருந்த கிருஷ்ணமணியின் விரல்கள் வெளுத்திருந்தன.

"நான் புயல் வரப்பிடாதுன்னு கும்பிட்டேன்," என்றான். "பொய்யன்னு நீ எம் மேல துப்பினாலும் சரி, வரப்பிடாதுன்னு. உனக்கு அந்தச் சத்தம் ரெண்டாந்தடவை கேக்கப்பிடாதுன்னு." 'நீங்க' என்பது 'நீ' ஆனது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. "அன்னம்... எனக்கு உன்னை விட்டுட்டு இருக்க முடியல. இது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி நனைந்தது.

"ஆபீசுல போய் என்ன சொல்லுவிய?"

"நடந்ததச் சொல்லுவேன். வேலை இருந்தா இருக்கட்டும். இல்லாட்டா குழித்துறையில அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருக்கு."

"எப்ப வருவிய?"

"ஞாயித்துக்கெழம. அம்மையையும் அப்பாவையும் கூட்டிட்டு வாறேன். உங்க அப்பாகிட்ட சொல்லி வைப்பியா?"

"நான் எப்படிச் சொல்லுவேன்... எனக்கு வெக்கமா இருக்காதா?" என்றாள். பிறகு அவன் முகம் வாடுவதைப் பொறுக்காமல், மிக மெல்லிய குரலில், "சொல்லுதேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான். சைக்கிளை உருட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான். ரோடு முழுதும் ஈரம். அதில் ஏறி ஓட்டலாம் என்பதே அவனுக்கு நினைவில்லை போல. நடந்துகொண்டே போனான், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி...